முப்பத்தேழாவது பாத்திரம்

வலது கையை என் அம்மாவின் பைபிள் மேல் வைத்துக்கொண்டு இடது கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் சத்தியமே தவிர வயது அல்ல. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. நடந்ததெல்லாம் இதில் வருகிறதா என்று யாராவது கேட்டால், சத்தியம் செய்யும்போது அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் லெம் பிராட்டர். கென்டக்கி மலையில் ராக்லிக் என்ற ஊரில், முகட்டின் உச்சியில், தகரக் கூரை போட்ட வீட்டில் தனிக்கட்டையாக இருக்கிறேன். வெர்லீன் ஸ்டாம்ப்பர் பாடிய காலம் முழுக்க அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தவன். மேசை போல நான்கு காலில் நிற்கும் வாத்தியம் அது. தந்திகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டு போனால் அழும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. ஒருமுறை பன்றிச் சந்தைத் திறப்பு விழாவில் வாசித்தேன். மூன்று பன்றிகள் தீனி எடுக்க மறுத்துவிட்டன.

எழுபத்து நான்காம் வருஷம் மார்ச் மாதம், வெர்லீனின் கணவன் ஹோபர்ட் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸைப் பார்த்தபடி வெர்லீன் அரைமணி நேரம் அவனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பதில் வராததில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. ஹோபர்ட் அப்படிப்பட்ட ஆள்.

எனக்கும் ஹோபர்ட்டுக்கும் அப்போது பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஊருக்கே தெரிந்த பகை. ரக்கூன் வேட்டைக்கென்று அவன் எனக்கு ஒரு நாயைக் கொடுத்தான். அந்த நாய்க்கு இருட்டு என்றால் பயம். ரக்கூன் இருட்டில்தான் வெளியே வரும் என்பதை அவனுக்கு நான் முடிதிருத்தும் கடையில், பத்துப் பேர் முன்னால், நினைவூட்டினேன். நாய் நல்ல நாய்தான், லெம் வாசிக்கிற கிட்டாரைக் கேட்டுத்தான் அதற்குப் பயம் பிடித்துவிட்டது என்று அவன் சொன்னான். அவன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாய் மட்டும் விளக்கைப் போட்டுவைத்தால் என் சமையலறையில் நிம்மதியாகத் தூங்கியது.

வெர்லீன் வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குப் பக்கத்துப் பட்டணத்து ரேடியோ நிலையத்தில் ஒரு மணி நேரம் பாடுவாள். அதற்குப் பக்கவாத்தியம் கிடையாது, அவளும் அவள் கிட்டாரும்தான். அவர்கள் வீடு இருந்தது இரண்டு மலைக்கு நடுவே, ஓடையோரப் பள்ளத்தில். அங்கே ரேடியோவைத் திருப்பினால் பன்றிக்கறி வதங்கும் சத்தம்தான் கேட்கும். முகட்டில் இருக்கிற என் வீட்டிலோ அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். தான் பாடியதைக் கேட்டதாக ஹோபர்ட் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அவளுடைய நிரந்தரக் குறை. பள்ளத்தில் எடுக்காத ரேடியோவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று ஒருமுறை நான் சமாதானம் சொன்னேன்.

“ஏன், மேட்டுல ஏறி நின்னு கேட்டா செத்தா போயிடுவான்?” என்றாள். அப்போது அவன் உயிரோடுதான் இருந்தான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஊர்ப் பெண்கள் கண்ணாடிப் பாத்திரங்களில் சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு விதவை அந்தப் பாத்திரங்களைக் கழுவி, வீடு வீடாகத் தன் காலால் நடந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரவைத்து ஒரு காப்பி கொடுப்பார்கள். பாத்திரத்தைத் திரும்ப வாங்குவதற்காக அல்ல, அவளை வீட்டைவிட்டு வெளியே இழுப்பதற்காகத்தான் அந்த டேப் என்று எனக்குத் தோன்றும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஹோபர்ட்டின் சாவுக்கு முப்பத்தேழு பாத்திரங்கள் வந்தன. வெர்லீன் ஏப்ரல் முழுக்க நடந்து முப்பத்தாறைத் திருப்பிக் கொடுத்தாள்.

மே மாதம் ஒத்திகைக்குப் போனபோது கடைசிப் பாத்திரத்தை மேசை மேல் என் முன்னால் வைத்தாள். பச்சை ஓரம் போட்ட, நீள்சதுரமான கண்ணாடிப் பாத்திரம். கடைகளில் கிடைப்பதுதான்.

“திருப்பிப் பாரு.”

திருப்பினேன். “ஒண்ணும் இல்லயே.”

“அதான். ஒண்ணும் இல்ல.” எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “பேரு ஒட்டாதவ ரெண்டு வகை. ஒண்ணு வெளியூர்க்காரி. இல்ல, நான் அவ வாசல்ல போய் நிக்கக் கூடாதுன்னு நெனக்கிறவ.”

மறந்துபோயிருக்கலாம் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் வந்தது கோழி. கோழியும் நூடுல்ஸும் டின் சூப்பும் கலந்து வேகவைத்த கேசரோல். அது எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் எங்கள் ஊரில் அதன் மேல் உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவுவார்கள். அறுபது வருஷமாக அப்படித்தான். இதில் மட்டும் உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹோபர்ட் தானாக வாயைத் திறந்து, இதுக்கு மேல சிப்ஸ் போடலாமே என்று கேட்டானாம். அவன் எதையாவது கேட்டதே அபூர்வம் என்பதால் அவளுக்கு அது மறக்கவில்லை. எங்கே சாப்பிட்டுவிட்டு வந்து அப்படிக் கேட்டான் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. போதாததற்கு, வியாழக்கிழமைகளில் மட்டும் அவள் ரேடியோவிலிருந்து திரும்பும்போது அவனுக்குப் பசி இருக்காது.

அவளுக்கு முன்னால் ஒரு காரியம் நின்றது. ஹோபர்ட்டுக்கு என்று அவள் இரட்டைக் கல்லறைக் கல் வாங்கியிருந்தாள். இடது பாதியில் அவன் பெயரும் தேதிகளும் ஏறிவிட்டன. வலது பாதியில் அவள் பெயரும் பிறந்த வருஷமும் செதுக்கி, சாகிற வருஷத்துக்கு மட்டும் இடம் விட வேண்டும். எங்கள் பக்கம் எல்லா மனைவிகளும் செய்வது. கல் செதுக்குகிற டாட்சனை அவள் நிறுத்தி வைத்திருந்தாள்.

“இன்னொருத்தி அழுத எடத்துல போய் நான் படுக்க மாட்டேன் லெம். அவ யாருன்னு தெரியற வரைக்கும் உளி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷம் பாப்பேன். இல்லன்னா கல்ல ரெண்டா அறுக்கச் சொல்லிட்டு, என் பாதிய எங்கப்பா பக்கத்துல கொண்டு போய் வெச்சுக்குவேன்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, முந்தின நாள் எழுதிய பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

*முப்பத்தாறு வாசல் ஏறி முப்பத்தாறு காப்பி குடிச்சேன்,*
*ஹோபர்ட், நீ நடந்த வாசல் எது, அத மட்டும் யாரும் சொல்லலியே.*

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை. மோசமாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வெர்லீன் அதற்கு முன்பு இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தாள். ஒன்றில் எல்லாம் ரயிலைப் பற்றிய பாட்டு, இன்னொன்றில் எல்லாம் அம்மாவைப் பற்றிய பாட்டு. அவள் ரயிலில் போனதில்லை, அம்மாவோடு ஒத்துப்போனதும் இல்லை. இந்தப் பாட்டில்தான் முதல்முறையாக அவள் குரல் அவளுடையதாக இருந்தது.

செப்டம்பரில் இசைத்தட்டுக்குப் பாட்டுகளைப் பதிவு செய்ய நாஷ்வில்லுக்குப் போனோம். அங்கே மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிக்க வேண்டும். வாத்தியக்காரர்களுக்குப் பாட்டு என்னவென்று தெரிய வேண்டியதில்லை, ஒரு சீட்டில் சுரங்களுக்குப் பதிலாக எண்களை எழுதிக் கொடுத்தால் போதும். தயாரிப்பாளர் க்ரைடர், பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் ஊரிலேயே நன்றாக வாசிப்பார்கள் என்று மரியாதையாகச் சொல்லி எனக்கு வெளியே ஒரு நாற்காலி காட்டினார். லெம்மின் கிட்டார் பின்னால் அழாவிட்டால் என் தொண்டை திறக்காது என்று வெர்லீன் சொல்லிவிட்டாள். என்னை உள்ளே விட்டார்கள்.

அந்தப் பாட்டின் மூன்றாவது சரணம். ‘நீ நடந்த வாசல் எது’ என்ற இடம். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட நடக்காதது நடந்தது. இடது கையிலிருந்த இரும்பு வழுக்கி, தந்திகளின் மேல் விழுந்து, மேலிருந்து கீழ்வரை ஓர் ஓலம் போட்டபடி இறங்கியது. நான் வாயைத் திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் க்ரைடர் கையைத் தூக்கினார். பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாஷ்வில்லில் சிவப்பு விளக்கு எரியும்போது தன்மேல் தீப்பிடித்தவன்கூடச் சத்தமில்லாமல் வெளியே போய்த்தான் எரிவான். பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் இரண்டாவது தடவை வாயைத் திறந்தேன். அதற்குள் க்ரைடர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், மனுஷன் அழுது கேட்டிருக்கேன். குத்தவாளி அழுது இன்னிக்குத்தான்யா கேக்கறேன். அது அப்படியே இருக்கட்டும்.”

வெர்லீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதிவுக் கூடத்தில் குளிர் அதிகம் என்றேன். குளிர் அதிகம்தான்.

அடுத்த பிப்ரவரியில் இசைத்தட்டு வந்தது. அட்டையில் அந்தப் பச்சை ஓரப் பாத்திரத்தின் படம். நாட்டின் விற்பனைப் பட்டியலில் நாற்பதாவது இடத்துக்கு ஏறி ஒரு வாரம் நின்றது. நாஷ்வில் பத்திரிகை ஒன்று எட்டு வரி விமர்சனம் எழுதியது. அதில் ஐந்து வரி என் கை வழுக்கியதைப் பற்றி. அந்த முகம் தெரியாத பெண்ணின் மனசாட்சியையே ஸ்டீல் கிட்டாரில் கேட்க முடிகிறதாம். பதினான்கு மாகாணங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் பத்தொன்பது பெண்கள், அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தது நான்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒகையோக்காரி ஒருத்தி, பாத்திரம் நீல நிறம் என்று எழுதிவிட்டாள். அவளுக்கு மட்டும் வெர்லீன் பதில் போடவில்லை.

ராக்லிக்கில் வரவேற்பு வேறு மாதிரி. டெல்ஃபா கூம்ஸ் என்ற கிழவிதான் எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரி. அவள் கடை வாசலில் சிப்ஸ் பொட்டலங்கள் தொங்கும். பாட்டின் இரண்டாவது சரணத்தில் பெயரில்லாத பாத்திரமும் அதன் மேல் தூவிய சிப்ஸும் வரும். ரேடியோவில் பாட்டு வந்த மறுநாள் காலையிலிருந்து ஊரில் ஒரு பெண்ணும் சிப்ஸ் வாங்கவில்லை. வாங்கினால் பாட்டில் வருகிறவள் அவள்தானே. ஆண்களும் வாங்கவில்லை, வீட்டில் யாருக்கு என்ற கேள்வி வரும். நான் மட்டும் வழக்கம்போல இரண்டு பொட்டலம் வாங்கினேன். கல்யாணமாகாதவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சிப்ஸ் கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மனிதர் வந்து, இந்த ஊரில் மட்டும் என்ன வியாதி என்று விசாரித்துவிட்டுப் போனார். மிஞ்சிய சிப்ஸை எல்லாம் டெல்ஃபா தன் பன்றிகளுக்குப் போட்டாள். அந்த வருஷம் அவற்றின் தொடைக்கறியைப் பதப்படுத்த உப்பே தேவைப்படவில்லை. கறியை நான் தின்று பார்த்திருக்கிறேன்.

பாத்திரங்களின் கதையும் மாறிப்போனது. இனி ஒரு பாத்திரமும் பெயரில்லாமல் வெளியே போகக் கூடாது என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். டேப் போதாதென்று பெயிண்டில் எழுதினார்கள். பாத்திரத்தின் உள்ளே, அடியில் எழுதினவர்களும் உண்டு. அவரைக்காயைக் கரண்டியால் அள்ள அள்ள, தீர்க்கதரிசனம் போல ஒவ்வோர் எழுத்தாகத் தெரியும். ஒருத்தி தன் இரும்புச் சட்டியைக் கல் செதுக்குகிற டாட்சனிடம் கொண்டுபோய்ப் பெயரும் பிறந்த தேதியும் வெட்டி வாங்கினாள். பழக்கதோஷத்தில் அவர் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு, அதற்கப்புறம் இடம் விட்டிருந்தார்.

தமாஷ் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஊர்ப் பெண்கள் வெர்லீன் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் கடைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். முப்பத்தாறு வீட்டில் காப்பி குடித்துவிட்டு முப்பத்தாறு வீட்டையும் சந்தேகப்பட்டுப் பாடிவிட்டாள் என்று அவர்களுக்கு வருத்தம். அதில் நியாயம் இருந்தது. பிரதர் ஆர்வில், எங்கள் சபைப் போதகர், இதைத் தீர்த்து வைப்பது தன் கடமை என்று நினைத்தார். மே மாத முதல் ஞாயிறு, ஆராதனை முடிவில், எல்லோரும் தலையைக் குனியுங்கள், எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்றார். அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்த ஆத்துமா யாராக இருந்தாலும் கையை மட்டும் உயர்த்தட்டும், நானும் தேவனும் தவிர யாரும் பார்க்க மாட்டோம் என்றார்.

கையை உயர்த்துமாறு கேட்கிற போதகர் தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். பிரதர் ஆர்விலோ அன்று உருக்கத்தில் தானும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். பியானோ இரண்டு நிமிஷம் ஒலித்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் அந்தச் சபையில் ஒரு கை உயர்ந்தே இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். செய்தும்விட்டேன். கண்ணைத் திறந்தபோது எல்லாக் கைகளும் கீழே இருந்தன. யாரும் உயர்த்தவில்லை போலும் என்று பிரதர் ஆர்வில் பெருமூச்சு விட்டார். தேவன் பார்த்திருப்பார். அவர் ராக்லிக் விவகாரங்களில் தலையிட்டு நான் கண்டதில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் கல்லறைத் திருநாள். எல்லாக் குடும்பங்களும் மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் கூடிப் புல் வெட்டி, பூ வைத்து, மரத்தடியில் நீளமாக மேசை போட்டுச் சாப்பிடுவோம். வெர்லீன் சொன்ன ஒரு வருஷம் முடிந்துவிட்டது. டாட்சன் காலையிலேயே உளிப்பெட்டியோடும், கல் அறுக்கும் ரம்பத்தோடும் வந்து சீடார் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எது தேவைப்படும் என்று தெரியாததால் இரண்டையும் கொண்டுவந்ததாக வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

வெர்லீன் வந்தாள். சோளரொட்டிக்கும் ஆப்பிள் கேக்குக்கும் அப்பால், மேசையின் கோடியில், அந்தப் பச்சை ஓரப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் காலியாக வைத்தாள். “யாரோடதோ, எடுத்துக்கலாம்” என்றாள். அவ்வளவுதான். போய் ஹோபர்ட்டின் கல்லைச் சுற்றிக் களை பிடுங்க ஆரம்பித்தாள்.

இருநூறு பேர் சாப்பிட்டோம். அந்தக் கோடிக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. ஈக்கள்கூடச் சுற்றிக்கொண்டு போயின. மூன்று மணி வாக்கில் டெல்ஃபாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்கு அப்போது எழுபத்தொரு வயது, பீப்பாய் போல இருப்பாள். நேராக வெர்லீனிடம் போனாள்.

“சரி விடு. நான்தான் கொண்டாந்தேன். ஹோபர்ட்டு எனக்கு ஆசைநாயகன். போதுமாடி? இனிமே இவளுங்க சிப்ஸ் வாங்குவாளுங்களா?”

வெர்லீன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அக்கா, உங்களக் கண்டா ஹோபர்ட்டு பின்வாசல் வழியா ஓடுவான்.”

“என்னக் கண்டு ஓடாத ஆம்பள எவன் இருக்கான். அதனாலதான் கடை கடனில்லாம நடக்குது.”

வெர்லீன் சிரித்துவிட்டாள். முந்தின வருஷ மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். ஊர்ப் பெண்களும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி அவள் தட்டில் கேக் வைத்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லோருடைய பார்வையும் மறுபடி கல்லுக்குப் போனது. இடது பாதியில் ஹோபர்ட். வலது பாதி வழவழப்பாக, ஒன்றுமில்லாமல்.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. டாட்சன் மரத்தடியில் தூங்கிவிட்டார். நான் மடக்கு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெர்லீன் கூப்பிட்டாள். போனேன்.

“அறுக்கச் சொல்லவா, செதுக்கச் சொல்லவா?”

“செதுக்கச் சொல்லு.”

“நீ எப்படிச் சொல்ற? அவனோட பதினோரு வருஷமா பேசாதவன் நீ.”

“பேசலதான்.”

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “நாஷ்வில்ல உன் கை ஏன் வழுக்குச்சு?”

“குளிரு.”

“குளிரு” என்று திருப்பிச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிர்முகட்டில் என் வீட்டுத் தகரக் கூரை வெயிலில் மின்னும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் வீட்டுல ரேடியோ நல்லா எடுக்கும், இல்ல?” என்றாள்.

“எடுக்கும்.”

“வியாழக்கிழமயும்?”

“வியாழக்கிழமயும் எடுக்கும்.”

கீழே ஓடைப் பக்கம் யாரோ கார் கதவைச் சாத்தினார்கள். வெர்லீன் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், ஒருவர் தோளில் வைப்பது போல. பிறகு திரும்பி, “டாட்சன் அண்ணே, எழுந்திருங்க. உளிய எடுங்க” என்றாள்.

அந்தப் பாட்டை அவள் மாற்றவில்லை. இன்னும் பத்தொன்பது வருஷம், ஒவ்வொரு மேடையிலும், ஒரு சொல் குறையாமல் பாடினாள். மூன்றாவது சரணத்தில் ‘நீ நடந்த வாசல் எது’ என்று கேட்கும்போது ஜனங்கள் பக்கம் பார்க்காமல் பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்பாள். நான் இரும்பை வழுக்கவிடுவேன். கேட்கிறவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நாடு இன்னும் மன்னிக்கவில்லை. ராக்லிக்கில் சிப்ஸ் விற்பனை எழுபத்தெட்டில்தான் பழைய நிலைக்கு வந்தது.

அன்று புறப்படும்போது மேசைக் கோடியிலிருந்த பாத்திரத்தை வெர்லீன் என் கையில் திணித்தாள். தனிக்கட்டை வீட்டில் நல்ல பாத்திரம் ஏது, எடுத்துக்கொண்டு போ என்றாள். வீட்டுக்கு வந்து அதைச் சமையல் மேடையில் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன். அடியில் காகித டேப் ஒட்டியிருந்தது. அதில் வெர்லீனின் கையெழுத்தில் ‘லெம்’ என்று இருந்தது. டேப்பின் ஓரம் ஏற்கெனவே பழுப்பேறி, கழுவிக் கழுவி உரிய ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு ஒட்டியது அல்ல. அதோடுதான் அது நாள் முழுக்க மேசையில் இருந்திருக்கிறது. இருநூறு பேரில் ஒருவரும் அதைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாத்திரம் யாருடையதோ அவர் பெயரை எழுதி ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை. இப்போது அந்தப் பாத்திரம் ரேடியோவுக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. ரேடியோவுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றின் காலை நாய் கடித்து வைத்திருக்கிறது.

பைபிள் மேல் வைத்த கை மரத்துப்போய்விட்டது. எடுப்பதற்கு முன் இதையும் சத்தியத்தில் சேர்த்துக்கொள்கிறேன். ஹோபர்ட்டுக்கு உப்பு பிஸ்கட் ஆகாது, அதனால் என் வீட்டில் வியாழக்கிழமைகளில், வெர்லீன் பாடத் தொடங்குவதற்கு முன், கோழிக்கு மேல் எப்போதும் சிப்ஸ்தான்.